கினி: மெய்ச் சதிகளும் பொய்ச் சதிகளும்

1958 செப்டம்பர் 28 அன்று பிரான்சின் ஆப்பிரிக்கக் குடியேற்றப் பகுதிகள் வாக்களித்தன. டி கோல் முன்வைத்த பிரெஞ்சுச் சமூகத்திற்குள் தன்னாட்சியோடு நீடிப்பதா, உடனே பிரிந்துசென்று உதவி அனைத்தையும் இழப்பதா என்பதே கேள்வி. அவற்றுள் 'வேண்டாம்' என்று விடையளித்தது கினி மட்டுமே. பதிவான வாக்குகளில் 95 சதவீதத்துக்கும் மேல் எதிர்வாக்குகள். அக்டோபர் 2 அன்று கினி தனிநாடாயிற்று.

பனிப்போர்க் கால ஆப்பிரிக்காவைச் சதுரங்கக் காய்களாக உருவகிப்பது நம்மிடையே பெருவழக்கு. கினியைப் பொறுத்தவரை அவ்வுருவகம் பாதி வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது.

பிரான்சின் சினம் உடனே வெளிப்பட்டது. நிர்வாகிகளும் மருத்துவர்களும் ஆசிரியர்களும் அவசரமாகத் திருப்பியழைக்கப்பட்டனர். கோப்புகளும் கருவிகளும் அவர்களோடு போயின. டி கோல் மனம் கோணுவாரோ எனத் தயங்கிய அமெரிக்கா, ஒரு மாதம் கழித்தே புதிய நாட்டை அங்கீகரித்தது. அதற்கும் ஓராண்டு முன்னர்தான் விடுதலை பெற்றிருந்த கானா 1 கோடி பவுண்டு கடன் தர முன்வந்தது. 1959இல் செக்கோஸ்லோவாக்கியாவின் ஆயுதங்களும் சோவியத் கடனும் வந்தன. மேற்குலகம் மூடிய கதவே கினியைக் கிழக்கு நோக்கித் திருப்பியது. கொள்கைப் பற்று அதற்குப் பிந்தியது என்பது என் துணிபு.

ஆயினும் அதிபர் செக்கு தூரே எவர் கைக்குள்ளும் அடங்கவில்லை. ஃப்ரியாவில் அமெரிக்க, பிரெஞ்சு முதலீட்டில் அலுமினா ஆலை இயங்கிக்கொண்டிருந்தபோதே 1961இல் லெனின் அமைதிப் பரிசைப் பெற்றார். அதே ஆண்டு டிசம்பரில், ஆசிரியர் போராட்டத்தைத் தூண்டியதாகக் குற்றஞ்சாட்டிச் சோவியத் தூதரை வெளியேற்றினார். 1962 அக்டோபரில் கியூப நெருக்கடியின்போது, கொனாக்ரி விமான நிலையத்தில் சோவியத் விமானங்கள் இறங்கி எரிபொருள் நிரப்ப இடம் தர மறுத்தார். அந்நிலையத்தின் ஓடுபாதையை நீட்டித்துத் தந்ததே சோவியத் உதவிதான்.

இனி வருவதே எனக்கு உறுத்தலான பகுதி. 1960 மார்ச் 1 அன்று கினி பிரெஞ்சு நாணய வலயத்திலிருந்து விலகித் தன் நாணயத்தை வெளியிட்டது. அடுத்த மாதமே தன் ஆட்சிக்கெதிராகச் சதி நடப்பதாகத் தூரே அறிவித்தபோது, பலர் அதை நாடகம் என்றனர். பிரெஞ்சு உளவுத்துறை கள்ளநோட்டு அச்சடித்து நாட்டுக்குள் பாய்ச்சியதையும் எதிர்ப்பாளர்களுக்கு ஆயுதம் தந்ததையும், அத்துறையின் அதிகாரியாயிருந்த மோரிஸ் ராபெர் பல பத்தாண்டுகள் கழித்து ஒப்புக்கொண்டார். 1970 நவம்பர் 22 அன்று போர்த்துகீசியப் படையினரும் புலம்பெயர்ந்த கினியரும் கடல்வழியே கொனாக்ரியைத் தாக்கினர். அது எவராலும் மறுக்கவியலாத படையெடுப்பு, ஐ.நா. பாதுகாப்பு அவையே கண்டித்தது.

இம்மெய்ச் சதிகளின் பெயரால் பொய்ச் சதிகள் எண்ணிறந்தன புனையப்பட்டன. தாக்குதலுக்குப் பின் அமைச்சர்கள், அதிகாரிகள், கொனாக்ரியின் பேராயர் எனப் பலர் சிறைப்பட்டனர். 1971 சனவரியில் தலைநகரின் பாலமொன்றில் நால்வர் மக்கள் பார்க்கத் தூக்கிலிடப்பட்டனர். புவாரோ முகாமில் சிலருக்கு உணவும் நீரும் அறவே நிறுத்தப்பட்டன. அதற்கு அங்கு வழங்கிய பெயர் 'கறுப்புப் பத்தியம்'. மொழியியல் பயின்றவன் என்பதால் இச்சொற்சேர்க்கையைக் கடந்துசெல்ல இயலவில்லை. நோய் தீரக் கடைப்பிடிக்கும் பத்தியத்தின் பெயரைக் கொலைமுறைக்குச் சூட்டிய வழக்கு அது. அவ்வாறு 1977இல் மாண்டவர்களுள் ஒருவர் தியல்லோ தெல்லி. ஐ.நா.வில் கினியின் குரலாக ஒலித்தவர். ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் முதல் பொதுச் செயலாளர். குடியேற்ற ஆதிக்கத்தை உலக அரங்கில் எதிர்த்த அவர்மீது சுமத்தப்பட்ட குற்றம், அந்நியருடன் கூட்டுச் சதி.

1958இன் 'வேண்டாம்' என்ற வாக்கைக் கொண்டாடும் இடதுசாரி நண்பர்கள் தெல்லியிடம் வந்ததும் மௌனமாகிறார்கள். புவாரோவை மட்டும் எழுதுவோர் கள்ளநோட்டுகளைக் குறிப்பிடுவதே இல்லை. பாரிசு அச்சடித்த நோட்டுகளே தெல்லியைக் கொல்லவில்லை. ஆனால் அவர் சதிகாரர் என்ற பொய்யை நம்பத்தக்கதாக்கியதில் அவற்றுக்குப் பங்குண்டு.

தூரே 1984 மார்ச் 26 அன்று, இதய அறுவை சிகிச்சைக்காகக் கொண்டுசெல்லப்பட்ட அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் இறந்தார். அடுத்த வாரமே இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. புவாரோவில் எஞ்சியிருந்தவர்கள் வெளியே வந்தனர்.