பேசாப் பிள்ளைகளின் கல்வி: பூனம் நடராஜன் அம்மையார் வரலாறு

தென்பெண்ணைக் கரையிலுள்ள நம் மூங்கில்துறைப்பட்டிலும் சுற்றுப்புறத்து ஊர்களிலும், நடவாத பேசாத பிள்ளையுள்ள இல்லத்தார் விருந்தினர் வரவறிந்தவுடன் அப்பிள்ளையை உள்ளறைக்குக் கொண்டுபோகும் வழக்கம் இன்னும் அற்றுப்போகவில்லை. மூத்தவளுக்குச் சம்பந்தம் தட்டிப்போகுமே என்னும் அச்சமே இதற்குக் காரணமென்பதை நம்மவர் யாவரும் அறிவர். ஆதலின், சென்னையில் ஒரு தாயார் இத்தகைய பிள்ளைகளை வெளியே கொணர்ந்த வரலாற்றைச் சங்கத்து அன்பர்க்கு ஈண்டு எடுத்துரைக்கலானோம்.

மூளை முடக்குவாதமென்பது, கருவிலோ, பேற்றின்போதோ, பிறந்த சின்னாளிலோ, வளரும் மூளைக்கு நேரும் ஊறுபாட்டால் உடலின் அசைவும் நிலையும் குன்றுவதாம். நாவசைவும் குன்றுமாயின் பேச்சுத் தடைப்படும். அதுகொண்டு அறிவும் இல்லையென முடிவு கட்டுதல் பெரும்பிழை. சொல்லுக்கு முன்னரே கருத்து உளதென்று வகுப்பில் கற்பிக்கும் எம்போன்ற ஆசிரியர்களே, சொல் பிறவாத வாயினுள் கருத்தில்லையென எண்ணிவிடுவது வியப்பன்றோ! பம்பாயில் 1972-ஆம் ஆண்டில் ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி ஆப் இந்தியாவை நிறுவிய மிது ஆலூர் அம்மையாரின் மகள் மாலினி சிப் இந்நோயினரே. அவர் ஒரு விரலால் தட்டெழுதி, இலண்டனில் முதுகலைக் கல்வி பயின்று, 2010-இல் தம் வாழ்க்கையை நூலாகவும் வெளியிட்டார்.

சென்னையில், அந்நோயுற்ற மகனைப் பெற்ற பூனம் நடராஜன் அம்மையார், 1985-இல் மிகச் சில பிள்ளைகளோடு ஒரு பள்ளியைத் தொடங்கினார். முதலில் பம்பாய் நிலையத்தின் பெயராலேயே வழங்கிய அது, பின்னர் வித்யாசாகர் எனப் பெயர் பெற்றுக் கோட்டூர்புரத்தில் நடைபெற்று வருகிறது. பேச இயலாத பிள்ளை, படங்களும் சொற்களும் எழுதிய பலகையை விரலாலோ கண்ணாலோ சுட்டித் தன் கருத்தைத் தெரிவிக்கின்றது. சாய்ந்து விழாமல் அமர்தற்கேற்ற இருக்கையும் கல்விக் கருவியே. உடல் நிலைகொண்டாலன்றிக் கண் எழுத்தில் நிலைகொள்ளாது. பிள்ளையை விட்டுச்செல்லும் இடமாகப் பள்ளியை வையாது, பெற்றோரையும் பயிற்சியிற் பங்கு கொள்ளச் செய்தமையே அம்மையார் பணியின் உயிர்நிலையென்பது எம் கருத்து. ஆசிரியர்க்குக் கிடைப்பன சில நாழிகைகள். தாய்க்கோ ஊட்டுதலும் நீராட்டுதலும் யாவும் பாடவேளைகளே.

“எமக்குப் பின் யார்?” என்பதே இப்பெற்றோரை உறங்கவொட்டாத கவலை. இதற்கெனவே 1999-இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. அவ்வறக்கட்டளையின் தலைவராகவும் அம்மையார் பணியாற்றினார். 18 வயது கடந்தும் தம்மைத் தாம் பேணவியலாதார்க்குக் காப்பாளரை நியமிக்கும் உள்ளூர்க் குழுவிற் கலெக்டர் இடம்பெறுவர். 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபின், நம் பகுதியார் இதன்பொருட்டு விழுப்புரம் செல்ல வேண்டுவதில்லை. 2016-ஆம் ஆண்டுச் சட்டமோ 21 வகைக் குறைபாடுகளை எண்ணி, குறிப்பிட்ட அளவிற் குறைபாடுடைய பிள்ளைகட்கு 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வியை உரிமையாக்கியது. அரசின் உதவியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளி எதுவும், குறைபாட்டைக் காட்டி அப்பிள்ளைகளைச் சேர்க்க மறுத்தல் அச்சட்டப்படி ஆகாது.