ஒளித்தொகுப்பின் மூன்று வழிகள்: ஒரு வரலாற்று நோக்கு

பச்சைத் தாவரங்கள் யாவும் ஒரே முறையாலேயே காற்றிலுள்ள காபனீரொட்சைட்டைப் பற்றி வெல்லமாக்குகின்றன என்பது, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அறிஞர் உள்ளத்தில் வேரூன்றியிருந்த கருத்தாகும். அதற்குத் தக்க சான்றும் இருந்தது. கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தில் மெல்வின் கல்வின், அன்ட்ரூ பென்சன், ஜேம்ஸ் பாசம் ஆகியோர் கதிர்த்தொழிற்பாடுடைய காபன் 14ஐ நுண்ணிய பச்சை அல்காக்களுக்கு ஊட்டி, சில செக்கன்களுள் அது எப்பொருளிற் சேர்கின்றதென ஆராய்ந்தனர். மூன்று காபன் அணுக்களைக் கொண்ட பொசுபோகிளிசரிக்கமிலமே முதலில் உண்டாகக் கண்டனர். 1961இல் இவ்வாராய்ச்சிக்கு நோபெல் பரிசு கிடைத்தது. அது கல்வின் ஒருவருக்கே வழங்கப்பட்டதென்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. அல்காவிற் கண்டது பயிர்கள் பலவற்றுக்கும் பொருந்தியமையால், எல்லாத் தாவரங்களுக்கும் பொருந்துமென்றே கொள்ளப்பட்டது. ஆயின், அம்முடிபை ஐயுறுதற்குரிய சான்றுகள் வெவ்வேறிடங்களில் முன்னரே எழுதப்பட்டுக் கிடந்தன. அவற்றை ஒருங்கு வைத்துப் படிப்பார்தாம் இலர்.

அவற்றுள் மிகப் பழையதொன்று தென்னிந்தியாவிலிருந்து சென்றது. கிழக்கிந்தியக் கம்பனியின் கீழ்ச் சென்னை மாகாணத்திற் பணியாற்றிய பெஞ்சமின் ஹெய்ன் என்னுந் தாவரவியலார், இரணகள்ளியின் இலையை ஒரே நாளிற் பல வேளைகளில் மென்று பார்த்தார். காலையிற் கடும் புளிப்பு, நண்பகலிற் சுவையின்மை, மாலையிற் சிறு கைப்பு. இதனை 1813இல் இலண்டன் லின்னேயன் சங்கத்தார்க்குக் கடிதமாக எழுதினார். ஆய்வுகூடமின்றி நாவினாலேயே செய்த இச்சோதனை, பெருங் கருவிகள் பலவற்றின் பணிக்கு நிகரானதென்பது எமது துணிபு. வறண்ட நிலத்துச் செடி பகலில் இலைவாய்களைத் திறப்பின் நீரை இழக்கும். ஆதலின் இரவிற் றிறந்து காபனீரொட்சைட்டை ஏற்று, மலிக்கமிலமாகச் சேமிக்கின்றது; பகலில் வாயடைத்து, அவ்வமிலத்தை உடைத்து, ஒளியின் துணையால் வெல்லமாக்குகின்றது. காலைப் புளிப்பின் காரணம் இதுவே. அன்னாசியும் கள்ளிகளும் இவ்வழியின.

மற்றொரு சான்று இலையின் அமைப்பிற் கிடந்தது. கரும்பு, சோளம் முதலியவற்றின் இலைநரம்பைச் சுற்றிப் பருத்த பச்சைக் கலங்கள் மாலைபோற் சூழ்ந்திருத்தலை ஒஸ்திரிய அறிஞர் ஹாபர்லாந்து 1880களில் விளக்கினார். மாலையைக் குறிக்கும் ஜேர்மன் சொல்லாகிய ‘கிரான்ஸ்’ என்பதே இன்றும் அவ்வமைப்பின் பெயர். அதன் பயன் யாதென்பது எண்பதாண்டுகளாக விளங்கவில்லை.

விளக்கம் கரும்பிலிருந்தே வந்தது. ஹவாய்த் தீவிற் கரும்பு ஆராய்ச்சி செய்த கோர்ட்சாக், ஹார்ட், பர் ஆகியோர், கரும்பிலையில் முதலிலுண்டாவன நான்கு காபன் அமிலங்களே எனக் கண்டனர். அவர்களது முடிபுகள் தொழிற்றுறை அறிக்கைகளுள் அடங்கிக் கிடந்து, 1965இலேயே விரிவாக வெளிவந்தன. கசான் நகரிற் கார்ப்பிலொவ் என்பவர் சோளத்தில் அதே உண்மையைக் கண்டு 1960இல் உருசிய மொழியில் எழுதினார். மேனாட்டார் அதனை அறிந்திலர். பிரிஸ்பேன் நகரில் ஹாட்ச், சிலாக் என்னும் இருவர் 1966இல் இவ்வழியை முறையாக நிறுவினர். புறத்தேயுள்ள இலைநடுக் கலங்கள் காபனீரொட்சைட்டை நான்கு காபன் அமிலமாக்கி, மாலைக் கலங்களுக்கு அனுப்புகின்றன. அங்கே அது மீண்டும் விடுவிக்கப்பட்டுச் செறிவுற, கல்வின் கண்ட பழைய வட்டம் நடைபெறுகின்றது. கள்ளி காலத்தாற் பிரித்ததைக் கரும்பு இடத்தாற் பிரித்தது.

இத்துணைச் சுற்றுவழி எற்றுக்கு? கல்வின் வட்டத்தின் தலைவாயிலில் நிற்கும் ரூபிஸ்கோ என்னும் நொதியம், வளிமண்டலத்தில் ஒட்சிசன் மிக அரிதாயிருந்த தொல்லூழியில் தோன்றியது. காபனீரொட்சைட்டையும் ஒட்சிசனையும் அது செவ்வனே வேறுபடுத்துவதில்லை. ஒட்சிசனைப் பற்றிய போதெல்லாம் முன்னர்ச் சேர்த்த காபனில் ஒரு பகுதி வீணாகின்றது. வெப்பம் மிகின் இழப்பும் மிகும். ஏறத்தாழ மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன் வளிமண்டலக் காபனீரொட்சைட்டு வெகுவாகக் குறைந்தபோது, இக்குறை பெருந்தடையாயிற்று. தாவரம் அந்நொதியத்தைத் துறக்கவில்லை. அதனைச் சூழ ஓர் அரணெழுப்பிக் கொண்டது.

அரணெழுப்பியது ஒருமுறையன்று. நான்கு காபன் வழி பூக்குந் தாவரங்களில் அறுபதுக்கு மேற்பட்ட முறை தனித்தனியே தோன்றியதென்பர். இது வியப்பாயினும் விளங்காததன்று: வேண்டிய நொதியங்கள் எல்லாச் செடிகளிலும் வேறு பணிகளுக்காக முன்னமே இருந்தன. சூரியகாந்திக் குடும்பத்துப் பிளவேரியா என்னுஞ் சாதியில், பழைய வழியின, புதிய வழியின, இடைநிலையின ஆகிய இனங்கள் இன்றும் ஒருங்கு வாழ்கின்றன.

தோற்றம் ஒன்று; பரவல் வேறு. இமயத்தின் அடிவாரத்துச் சிவாலிக் படிவுகளில், பழைய மண்ணின் சுண்ணக்கட்டிகளிலுள்ள காபன் சமதானிகளைக் குவேட், சேர்லிங், போமன் ஆகியோர் அளந்து 1989இல் வெளியிட்டனர். ஏறத்தாழ எழுபது இலட்சம் ஆண்டுகளுக்கு முன் அந்நிலத்தில் நான்கு காபன் புற்கள் மேலோங்கியமை அதனாற் புலனாயிற்று. இன்று இவ்வழியின பூக்குந் தாவர இனங்களுள் நூற்றுக்கு மூன்றளவே. ஆயினும் நிலத்தில் நிகழும் ஒளித்தொகுப்பில் ஏறத்தாழ நாலிலொரு பங்கு அவற்றினதே. எமது குரக்கனும் தினையும் சாமையும் அறுகம்புல்லும் அவ்வினத்தன.

நெல் அவ்வினத்ததன்று. புல் குடும்பத்தில் இருபதுக்கு மேற்பட்ட முறை தோன்றிய இவ்வழி, நெல்லும் கோதுமையும் அடங்கும் கிளையில் ஒருமுறையேனுந் தோன்றிற்றில்லை. வெப்பநாட்டு மக்களின் தலையாய உணவு இவ்வாறு பழைய வழியிலேயே நின்றுவிட்டது. அதனைப் புதுவழிக்கு மாற்றும் பெருமுயற்சியைப் பிலிப்பைன் தீவிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் பிறநாட்டு அறிஞருடன் கூடித் தொடங்கினர். சோளத்தின் நொதியங்களை நெல்லிற் புகுத்துதல் இயன்றுள்ளது. கடினமானது ஹாபர்லாந்து கண்ட மாலையே: சோள இலையில் இரு நரம்புகளின் மாலைகளுக்கிடையே இரண்டு இலைநடுக் கலங்களளவே இருக்க, நெல்லிலையில் நரம்புகள் அகன்று, இடையே பல கலங்கள் நிற்கின்றன. நரம்புகளை நெருங்கச் செய்யும் பரம்பரையலகுகள் எவை என்பதே இன்று அவர்கள் தேடும் பொருள்.