மலைநாட்டு வாய்மொழியும் ஒலிப்பதிவுக் கருவியும்

வரலாறு சான்றுகளின்மேல் எழுவது. கல்வெட்டு, செப்பேடு, ஏட்டுச்சுவடி, அரசாங்கக் கடிதம் என்பன கிடைக்குமிடத்து வரலாற்றாசிரியன் துணிந்து பேசுகின்றான். அவை கிடையாவிடத்து அவன் நா தடுமாறுகின்றது. ஈழத்தின் வடபகுதிக்கு வைபவ நூல்கள் உள. அனுராதபுரத்துக்கும் பொலன்னறுவைக்கும் கல்லும் ஏடும் உள. நுவரெலியா, ஹற்றன், தலவாக்கலை, மஸ்கெலியா முதலிய ஊர்களைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலே தலைமுறை தலைமுறையாக உழைத்த தமிழ் மக்களுக்கோ, தாமே எழுதிவைத்த ஏடுகள் மிகச் சில. அவர்களைப் பற்றிப் பிறர் எழுதியவை ஏராளம். துரைமாரின் கணக்குப் புத்தகங்களும் செக்றோலும் கங்காணியின் துண்டும் அவர்களை எண்ணின. ஆனால் அவர்கள் எண்ணியதை எழுதவில்லை. தம்மைப் பற்றித் தாமே கூறியதை அம்மக்கள் பெரும்பாலும் பாட்டிலும் கூத்திலும் ஒப்பாரியிலுமே வைத்தனர். அவர்தம் வரலாற்றிற் குரலே ஏடு. ஆதலின், அக்குரலைப் பிடித்துவைக்கும் கருவி எத்தகையது, அதனை எவ்வளவுக்கு நம்பலாம் என்பது பொறியியல் வினா மட்டுமன்று, வரலாற்று வினாவுமாகும்.

எழுத்துச் சான்று இல்லாமை இம்மக்களுக்கு ஏட்டளவான குறையாக மட்டும் நிற்கவில்லை. கோப்பிப் பயிர் 1869ஆம் ஆண்டு தொடங்கிய இலைநோயால் அழிந்து, 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் பயிரிட்ட தேயிலை மலையெங்கும் பரவிய காலந்தொட்டு, இத்தீவின் செல்வத்தைப் பெருக்கியவர்கள் அவர்கள். எனினும் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், தந்தையேனும், அன்றிப் பாட்டனும் பூட்டனுமேனும் இந்நாட்டிற் பிறந்தமையைச் சான்று காட்டி நிறுவுமாறு கேட்டபோது, லயத்திற் பிறந்து லயத்தில் இறந்தவர்களிற் பெரும்பாலாரிடம் காட்டுதற்குக் காகிதம் இருக்கவில்லை. பிறந்த தோட்டத்தின் பெயரை அவர்கள் அறிவர். பாட்டன் வந்த வழியையும் அறிவர். அவ்வறிவு நாவில் இருந்தது. அலுவலகமோ தாளையே கேட்டது. எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலை நீங்கச் சட்டம் வகுக்கப்பட்டது 2003ஆம் ஆண்டிலேயே. வாய்ச்சொல்லைச் சான்றாக மதிக்காத வழக்கம் ஒரு மக்கட் கூட்டத்துக்கு எவ்வளவு துன்பம் விளைக்கும் என்பதற்கு இதனினும் வேறு எடுத்துக்காட்டு வேண்டுவதின்று.

வாய்மொழியைப் பேணும் பணி முதலிற் கையெழுத்தாலேயே நடந்தது. மடகொம்பரைத் தோட்டத்தில் 1914இற் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை, தோட்ட மக்களின் பாடல்களைத் திரட்டி ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்ற தொகுப்பை 1983இல் வெளியிட்டார். சாரல் நாடன் ‘மலையக வாய்மொழி இலக்கியம்’ என்ற நூலால் அவ்வழியை அகலமாக்கினார். இவர்கள் செய்த தொண்டு பெரிது. ஆயினும் எழுதுகோலுக்கு ஓர் எல்லையுண்டு. கோ. நடேசய்யரின் மனைவியார் மீனாட்சி அம்மையார் தோட்டத் தொழிலாளர் கூட்டங்களிற் பாடிய பாடல்கள் அச்சேறின. சொற்கள் இன்று கிடைக்கின்றன. அக்குரல் எவ்விடத்து உயர்ந்தது, எச்சொல்லில் நின்றது என்பதை அச்சு தாங்கவில்லை. தாலாட்டிலும் ஒப்பாரியிலும் பொருளிற் பாதி மூச்சிலும் விம்மலிலும் இருப்பது. தாளில் ஏறும்பொழுது அப்பாதி உதிர்ந்துவிடுகின்றது.

குரலையே பிடிக்கும் கருவியை 1877இல் எடிசன் ஆக்கினார். அது இலங்கைக்கு வரப் பல்லாண்டு செல்லவில்லை. செலிக்மன் தம்பதியர் 1907-08இல் வேடர்களை ஆராய்ந்தபோது மெழுகுருளையில் அவர்தம் பாடல்களைப் பதிவு செய்தனர். 1911இல் வெளிவந்த அவர்களது நூலில் அவ்விசையைச் சார்ள்ஸ் மையர்ஸ் ஆராய்ந்து எழுதினார். ஒல்லாந்தராகிய ஆர்னல்ட் பேக் 1930களில் இந்தியாவிலும் இலங்கையிலும் உருளைகளிற் பதிவுகள் செய்தார். மெழுகுருளை சில நிமிடங்களே ஓடும். பாடுவோர் கூம்பின் வாயருகே நின்று உரத்துப் பாடவேண்டும். ஒவ்வொரு முறை இசைக்குந்தோறும் ஊசி மெழுகைத் தேய்க்கும். இரவு முழுவதும் நிகழும் காமன் கூத்தோ, ஒரு மூலையிலிருந்து மெல்ல எழும் தாலாட்டோ அதற்கு அகப்படுவன அல்ல.

இரண்டாம் உலகப் போரின் பின் காந்த ஒலிநாடா பரவிற்று. ஸ்ரெபான் குடெல்ஸ்கி 1951இல் ஆக்கிய நாக்றா என்னும் கருவி தோளிற் கொண்டுசெல்லத்தக்கதாயும் மிக நம்பகமானதாயும் விளங்கிற்று. ஆனால் அதன் விலை வானொலி நிலையங்களுக்கும் திரைப்படக் கூடங்களுக்குமே இயைந்தது. எளியவர் கைக்கு எட்டியது 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் வெளியிட்ட கசற் நாடாவே. இலங்கையில் 1977இல் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தபின் அக்கருவிகள் பெருகின. அக்காலம் மலைநாட்டின் பெரும் பிரிவுக் காலமுமாகும். 1964ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆந் திகதி செய்யப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியா செல்வர் எனவும் 3,00,000 பேர் இலங்கையிற் குடியுரிமை பெறுவர் எனவும் வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாக ஏற்க 1974இல் இணங்கின. புகையிரதமேறித் தலைமன்னார் சென்று கடல் கடந்தவர்களிற் பலர் நீலகிரியின் தேயிலை மலைகளிற் குடியேறினர். ஒரே பாட்டை அறிந்தவர்கள் இரு மலைகளிற் பிரிந்தனர். அப்பிரிவின் குரல் ஏதும் எஞ்சியிருக்குமாயின், அது பெரும்பாலும் கசற் நாடாவிலேயே எஞ்சியிருத்தல் கூடும்.

கசற் நாடா நல்ல சாட்சியா? அதன் அகலம் நான்கு மில்லிமீற்றருக்கும் குறைவு. ஓட்டம் விநாடிக்கு 4.76 சென்ரிமீற்றர். ஆதலின் நாடாவின் இரைச்சல் மெல்லிய குரலை மூடிவிடும். மலைநாட்டின் ஈரத்திலே நாடாவிற் பூஞ்சணமும் படரும். இவற்றினும் நுண்ணிய குற்றம் ஒன்றுண்டு. எளிய கருவிகள் ஒலியளவைத் தாமே கூட்டியும் குறைத்தும் கொள்வன. தப்பு ஓங்கி ஒலித்ததும் கருவி தன் செவியைச் சுருக்கிக்கொள்ளும். உடனே தொடரும் பாடலடி மங்கிவிடும். ஒப்பாரிக்கு இடையே அமைதி நேர்ந்தால், கருவி செவியை விரித்துத் தகரக் கூரையின் மழையோசையைப் பெரிதாக்கும். பிற்காலத்தார் அந்நாடாவைக் கேட்டு, பாடியவர் குரல் தளர்ந்தது என்று கருதக்கூடும். தளர்ந்தது குரலன்று, கருவியே. சான்று பொய்த்ததையும் அறியாது அதன்மேல் முடிபு கட்டுவது வரலாற்றுக்குப் பெருங்கேடு.

அடுத்து வந்தது எண்முறைப் பதிவு. டிஜிற்றல் என வழங்கும் இம்முறையிற் கருவி ஒலியலையின் அளவை விநாடிக்கு 44,100 அல்லது 48,000 முறை அளந்து எண்ணாகக் குறித்துக்கொள்கின்றது. 16 பிற் அளவிற் குறிப்பின் 65,536 படிகள். 24 பிற் அளவிலாயின் 1,67,77,216 படிகள். படிகள் பெருகப் பெருக, மிக மெல்லிய ஒலியும் மிக வலிய ஒலியும் ஒரே பதிவில் அடங்கும். 1987இல் வந்த டாற் நாடா இத்தூய்மையைத் தந்தது. ஆயின் அதன் சுழல் உருளையிற் பனி படிந்தால் கருவி இயங்க மறுக்கும். ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிற் குளிர்வெளியிலிருந்து அடுப்பெரியும் காம்பிராவுக்குள் நுழைந்தாலே பனி படிந்துவிடும். 1992இல் வந்த மினிடிஸ்க் சிறியது, மலிவானது. அதுவோ மனிதச் செவி உணராது என்று தான் கணித்த ஒலிகளைக் களைந்துவிட்டே பதிந்தது. 2006ஆம் ஆண்டளவில் எடிரோல் ஆர்-09, சூம் எச்4 போன்ற கையடக்கக் கருவிகள் வந்தன. இவற்றிற் சுழலும் உறுப்பு எதுவுமில்லை. ஒலி நேரே நினைவட்டையில் ஏறுகின்றது. நாக்றாவுக்கு நிகரான தெளிவு ஓர் ஆசிரியரின் சம்பளத்துக்கு எட்டிற்று.

எனினும் இக்கருவிகளையும் மலைநாடு சோதிக்கின்றது. மாசி மாதத்துக் காமன் கூத்தை எடுத்துக்கொள்க. தப்பைத் தீயிற் காய்ச்சுந்தோறும் அதன் தோல் இறுகி ஒலி கூர்மையடையும். மாலையில் அமைத்த பதிவளவு நள்ளிரவிற் போதாது. காந்த நாடா அளவு மீறிய ஒலியை ஓரளவு பொறுக்கும். எண்முறைக் கருவி பொறாது, அலையின் தலையை வெட்டிவிடும். வெட்டுண்ட ஒலியைப் பின்னர் மீட்டலரிது. ஆகவே அளவைத் தாழ்த்தி, தானியங்கு கட்டுப்பாட்டை நிறுத்தி, 24 பிற் அளவிற் பதிதலே தக்கது. 2019இல் வெளிவந்த, 32 பிற் மிதவை முறையிற் பதியும் சிறு கருவிகள் இவ்விடரைப் பெரிதும் குறைத்துள்ளன. தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் இடர் வேறு. மலிவான கருவியின் உள்ளிரைச்சல் ஆங்கே குரலுடன் போட்டியிடும். கொழுந்து மலையிலே காற்று ஒலிவாங்கியில் மோதி முழங்குமாதலின் மயிருறை இன்றியமையாதது.

நம்பகத்தன்மைக்கு வேறோர் அளவுகோல் வேண்டும். 24 பிற், 48,000 அளவையில் இரு தடப் பதிவு மணிக்கு ஒரு கிகாபைற்றுக்கு மேற்பட்ட இடங் கொள்ளும். கூத்து ஓர் இரவுக்கு எட்டு மணி நிகழுமாயின் எட்டுக் கிகாபைற்றுக்கு மேல் வேண்டும். குளிரிற் பற்றறி விரைவிற் சோரும். கோப்பை முடித்து மூடுமுன் மின் அற்றுப்போனால் முழுப் பதிவும் திறக்கவியலாததாதல் கூடும். தேய்ந்த நாடா முணுமுணுத்தேனும் பேசும். பழுதுற்ற கோப்பு முற்றாக ஊமையாகும். இறுவட்டை நிலையானதென நம்பியோர் சில ஆண்டுகளில் ஏமாந்தனர். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. ஒரே இடத்தில் ஒரே படியாக இருப்பது எப்பொருளாயினும் பாதுகாப்புற்றதன்று என்பதே அந்நிகழ்ச்சி புகட்டும் பாடம். மூன்று படிகள், இரு வகை ஊடகங்கள், ஒன்று வேற்றூரில் என்ற விதி இன்று காப்பகத்தார் பலரும் கொள்வது. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் போன்ற எண்முறைக் காப்பகங்கள் இதற்குத் துணையாக உள்ளன.

இவை யாவும் அமைந்தபின்னும் ஒன்று எஞ்சும். பாடியவர் யார், எத்தோட்டத்து எப்பிரிவினர், எவரிடம் கற்றார், எந்நாளிற் பாடினார், பதிவைப் பிறர் கேட்க இசைந்தாரா என்பவற்றைக் கருவி தானே கூறாது. தோட்டங்களுக்குத் துரைமார் இட்ட ஆங்கிலப் பெயர் ஒன்று, மக்கள் வழங்கும் தமிழ்ப் பெயர் வேறொன்று. இரண்டையும் குறித்தல் வேண்டும். பேக் 1938இற் பதிவு செய்த தென்னிந்திய ஊர்களுக்கு நசீர் ஜைராஸ்பாய், ஏமி காட்லின் என்போர் 1984இல் அப்பதிவுகளுடன் மீண்டும் சென்றனர். மங்கிய பதிவேயாயினும், இடமும் நாளும் குறிக்கப்பட்டிருந்தமையால் அது தன் ஊருக்குத் திரும்ப முடிந்தது. குறிப்பற்ற தெளிவான பதிவோ எவ்வூருக்கும் உரியதாகாது அலையும்.

ஆகவே ஒலியின் தெளிவைக் கருவி தரும். சான்றின் உறுதியை மனிதரே தருதல் வேண்டும். ஹற்றனிலும் நுவரெலியாவிலும் கப்பலேறிய கதையையும் பிரிந்த கதையையும் பாடவல்ல முதியோர் ஆண்டுதோறும் குறைந்துவருகின்றனர். அவர்தம் பேரப்பிள்ளைகள் பலர் இன்று கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் கற்கின்றனர். கையிலே நல்ல கருவியும் உண்டு. விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர் ஒருவர், பாட்டியின் அருகே அமர்ந்து, அனுமதி கேட்டு, ஒரு மணி நேரம் பதிந்து, பெயரும் தோட்டமும் நாளும் எழுதி, மூன்று படிகளாக வைப்பாராயின், அது ஓர் ஆவணம். தாள் இல்லை என்று ஒருகாலத்திற் புறந்தள்ளப்பட்ட மக்களுக்கு அவர்தம் பிள்ளைகளே எழுதிக் கொடுக்கும் சான்றிதழ் அதுவாகும்.