பிளாட்டரில் படச்சுருளைக் கையாளுதல்

பிளாட்டர் என்பது முழுப் படத்தின் ரீல்களையும் ஒட்டி, ஒரே சுருளாக்கி, படுக்கைவாட்டில் சுழலும் பெரிய தட்டிலிருந்து ஓட்டும் திரையரங்கக் கருவி. ஜெர்மனியின் வில்லி புர்த் 1960களில் இதை உருவாக்கினார். கினோட்டோன் நிறுவனம் தயாரித்தது. 1987ஆம் ஆண்டுக்கான ஆஸ்கர் தொழில்நுட்ப விருது இருவருக்கும் கிடைத்தது.

35 மி.மீ. பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். இரண்டரை மணி நேரப் படம் என்றால் 13,500 அடி. இதை 2,000 அடி ஸ்பூல்களில் ஏற்றினால் 22 நிமிடத்துக்கு ஒருமுறை அடுத்த மிஷினுக்கு, அதாவது இரண்டாவது புரொஜெக்டருக்கு, மாற வேண்டும். திரையின் வலது மேல்மூலையில் மின்னி மறையும் வட்டப்புள்ளிதான் அதற்கான அடையாளம். பிளாட்டரில் இந்த மாற்றமும் இல்லை, ரீவைண்டும் இல்லை. பிலிம் சுருளின் நடுவிலிருந்து வெளியேறி, புரொஜெக்டருக்குள் ஓடி, இன்னொரு தட்டின் நடு வளையத்தைச் சுற்றிச் சேர்கிறது. காட்சி முடியும்போது படத்தின் தொடக்கம் மறுபடி உள்பக்கமே இருக்கும்.

பிளாட்டரில் ஆபரேட்டரின் உண்மையான வேலை காட்சிக்கு முன்பே நடந்துவிடுகிறது. ஒவ்வொரு ரீலின் தலைப்பட்டையையும் வால்பட்டையையும் வெட்டி, பிரேம்களுக்கு இடையிலுள்ள கோட்டில் துல்லியமாக நாடா ஒட்ட வேண்டும். ஒரு பிரேமுக்கு 4 துளைகள். ஒரு துளை தவறினாலும் நடிகரின் தலை கீழேயும் கால் மேலேயும் தெரியும். ஒலித்தடம் தன் படத்துக்கு ஏறத்தாழ 20 பிரேம் முன்னால் இருப்பதால், ஒட்டில் பிரேம் போனால் காட்சி ஓரிடத்தில் துள்ளும், வசனம் வேறிடத்தில் அறுபடும். அசிடேட் பிலிமைச் சிமெண்ட் தடவி ஒட்டலாம்; பின்னால் வந்த பாலியெஸ்டரில் அது பிடிக்காது. பாலியெஸ்டர் எளிதில் அறுவதும் இல்லை. சிக்கினால் கருவியையே இழுத்துச் சேதப்படுத்தும்.

ஓட்டத்தில் பெரிய அபாயம், பிலிம் வெளியேறும் தட்டின் நடுவிலுள்ள உணரியில்தான். பிலிமின் இழுவிசைக்கு ஏற்ப அதன் சிறு கை அசைந்து தட்டின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். காற்று வறண்டு நிலைமின்னேற்றம் ஏறினால் இரண்டு சுற்றுகள் ஒட்டிக்கொண்டு வரும். பிலிம் அந்த உணரியையே சுற்றிக்கொள்ளும். உடனே நிறுத்தாவிட்டால் பிரிண்ட் மடிந்து கிழியும். தூசி படிந்த உருளையோ சத்தமில்லாமல் படம் முழுக்க ஒரே கோடு கீறிவிடும்.

ஒரே அரங்கில் வாரக்கணக்கில் ஓடும் படத்துக்கு இந்தக் கருவி பொருத்தமானது. என்.எஸ்.சி. என்று விநியோகஸ்தர்கள் சொல்லும் வட ஆற்காடு, தென்னாற்காடு, செங்கல்பட்டு ஏரியாவில், விருத்தாசலம் போன்ற ஊர்களின் நிலை வேறாக இருந்தது. பெரிய நகரங்களில் ஓடிய பிரிண்ட் பெட்டியில் ஊர் ஊராகச் சென்ற அந்த முறையில், ஒவ்வோர் அரங்கிலும் ஒட்டிப் பிரித்தால் ஒவ்வொரு முறையும் சில பிரேம்கள் போய்விடும். அத்தகைய பிரிண்டுக்கு இரண்டு மிஷின் முறையே பாதுகாப்பானதாக இருந்தது. பிளாட்டரில் ஓட்டியதைப் பிரிக்கும்போது பழைய ஒட்டிலேயே வெட்டி, தலைப்பட்டையை உரிய ரீலில் சேர்த்து அனுப்புவதுதான் நேர்மையான வழக்கமாக இருந்தது.

சென்னையின் ரியல் இமேஜ் நிறுவனம் உருவாக்கிய கியூப் போன்ற டிஜிட்டல் முறைகள் வந்தபின் பிரிண்ட் தேவை சுருங்கியது; 2013இல் புஜிபிலிம் திரையரங்குப் பிலிம் தயாரிப்பை நிறுத்தியது. பழைய அரங்குகளின் கேபினில் இன்னும் பிரிண்டுகள் கிடந்தால் பழைய சாமானாக எடைக்குப் போட வேண்டாம். வினிகர் வாடை வரும் சுருளைத் தனியே வைத்து, புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குத் தெரிவியுங்கள்.