நிற்பதற்கு விரித்த பாய்



பாய் விரிப்பது கலம் ஓடுவதற்காக என்பதை அனைவரும் அறிவோம். ஆனால், அசையாது நிற்பதற்காகப் பாய் கட்டப்பெற்ற கலங்களும் உண்டு. நம் நாட்டின் இன்சாட் செயற்கைக் கோள்கள் சில அத்தகையவை. அவற்றின் பாயைத் தள்ளியது காற்றன்று, கதிரவனின் ஒளியே.

ஒளிக்குத் தள்ளும் ஆற்றல் உண்டு என்ற எண்ணம் புதியதன்று. வால்மீனின் வால் கதிரவனுக்கு எதிர்ப்புறமாக நீள்வதைக் கண்ட கெப்ளர், கதிர்களே அதனைத் தள்ளுகின்றன என்று 1619-இல் எழுதினார். வாலிலுள்ள தூசியைப் பொறுத்தவரை அக்கருத்து மெய்யே. 1873-இல் மாக்ஸ்வெல் தமது மின்காந்தக் கொள்கையினின்று அவ்வழுத்தத்தின் அளவைக் கணித்தார். 1901-இல் மாஸ்கோ நகரத்து லெபெதெவ், காற்று நீக்கிய கண்ணாடிக் கலத்துள் மெல்லிய தகடுகளைத் தொங்கவிட்டு அதனை அளந்து காட்டினார். கல்கத்தாவில் இளம் ஆசிரியராயிருந்த மேகநாத் சாஹாவும் 1918-இல் ஒளியின் அழுத்தத்தைக் குறித்து ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார்.

ஒளிக்கு எடை இல்லை. எனினும் உந்தம் உண்டு. கருநிறத் தகட்டின்மேல் விழும் ஒளி, தன் உந்தத்தை அதற்கு அளித்துவிட்டு மறைகிறது. கண்ணாடியில் பட்டு மீளும் ஒளியோ, சுவரில் மோதித் திரும்பும் பந்தைப் போல் இருமடங்கு உந்தத்தைத் தருகிறது. ஆயினும் இவ்விசை மிகச் சிறிது. ஒரு சதுர மீட்டர் கண்ணாடியைப் பூமியின் தொலைவில் கதிரவன் தள்ளும் விசை, ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் எடைக்கே ஈடாகும். ஓர் அரிசிமணியின் எடையில் இருபதில் ஒரு பங்கு என்று சொல்லலாம்.

இத்துணைச் சிறிய விசையைப் பொருட்படுத்த வேண்டுமா என்ற ஐயம் எழலாம். ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் கோளுக்கு இது பெரும் பொருட்டாகும். அங்கே உராய்ந்து தடுக்கக் காற்று இல்லை. ஒளியோ அனேகமாக ஓய்வதே இல்லை.

இன்சாட் கோள்களுக்குத் தொலைபேசி, தொலைக்காட்சி, வானொலி, வானிலை ஆய்வு ஆகிய பணிகள் ஒருங்கே அளிக்கப்பட்டன. மேகங்களைப் படமெடுக்கும் கருவியின் ஒரு பகுதி கடுங்குளிரில் இருத்தல் வேண்டும். அதன் வெப்பம் வடபுறத்து இருண்ட வெளியில் கழிந்தாக வேண்டும். அப்பக்கத்தில் மின்பலகை இருந்தால் அதன் வெப்பம் தாக்கும். ஆதலால் மின்பலகையைத் தென்புறத்தில் மட்டுமே பொருத்தினர். காவடித் தண்டின் ஒரு முனையில் மட்டும் குடம் தொங்கினால் தண்டு சாயும் அல்லவா? அவ்வாறே ஒளியும் பலகையைத் தள்ளிக் கோளைத் திருப்ப முயலும். இதனை ஈடுசெய்யவே வடபுறத்தில் நீண்ட கம்பம் ஒன்றை நீட்டி, அதன் முனையில் இலேசான பாயைக் கட்டினர்.

முதற்கோளாகிய இன்சாட்-1ஏ, 1982 ஏப்ரல் 10 அன்று அமெரிக்காவிலிருந்து ஏவப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டு 15 அன்று வண்ணத் தொலைக்காட்சியும் தேசிய ஒளிபரப்பும் தொடங்கியபோது அது துணைநின்றது. ஆனால் அதன் பாய் விரியவில்லை. வேறு இடர்களும் சேர்ந்தன. நிலையைச் சீர்செய்யும் எரிபொருள் தீர்ந்துபோக, செப்டம்பர் 6 அன்று கோள் கைவிடப்பட்டது. ஏழாண்டு உழைக்க வேண்டியது ஐந்து மாதங்களுள் முடிந்தது.

நாடு தளரவில்லை. 1983 ஆகஸ்டு 30 அன்று புறப்பட்ட இன்சாட்-1பி பல்லாண்டுகள் பணியாற்றியது. 1992 ஜூலை 10 அன்று ஏவப்பட்ட இன்சாட்-2ஏ நம் நாட்டிலேயே உருவானது. பாயும் கம்பமும் அதிலும் இடம்பெற்றன. பாய் கூம்பு வடிவினது; ஆதலால் நாள் முழுதும் கதிரவன் எத்திசையில் நின்றாலும் அதற்கு ஒரே தோற்றத்தையே காட்டும்.

ஒளியினால் ஓடும் கலமும் பின்னர் வந்தது. 2010-இல் ஜப்பான் அனுப்பிய இகாரஸ், பக்கத்திற்கு 14 மீட்டர் கொண்ட சதுரப் பாயை விரித்தது. அதனைத் தள்ளிய விசை ஒரு கிராம் எடையில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கே. எனினும் அதன் வேகம் நாளுக்கு நாள் மாறியது அளந்தறியப்பட்டது.

டில்லியில் லக்ஷ்மிபாய் நகர் போன்ற அரசாங்கக் குடியிருப்புகளில் வாழ்ந்த தமிழர்களுக்கு, தொலைவிலுள்ள ஊரை அருகே கொணர்ந்தவற்றுள் இன்சாட் கோள்களும் அடங்கும். தொலைபேசிக் குரலும், சென்னையில் புயல் வருமோ என்ற செய்தியும் கிடைக்க, கோள் பூமியை நோக்கித் திரும்பியவாறு நிற்க வேண்டியிருந்தது. அந்நிலை பிறழாமல் காக்க, அரிசிமணியினும் எடை குறைந்த ஒரு விசையையும் பொறியாளர்கள் கணக்கில் கொண்டனர். அதனைப் புறக்கணித்தல் இயலாது என்பதை 1982-ஆம் ஆண்டு உணர்த்திற்று.