தாயக் கட்டத்தில் கடல்

மதுரைக்குக் கடல் கிடையாது. ஆனால் பிள்ளைகளின் விளையாட்டுக்குள் அது எப்போதோ வந்துவிட்டது. மதுரை அருகே 2015-இல் தொடங்கிய கீழடி அகழாய்வில் தந்தப் பகடையும் சுடுமண் ஆட்டக்காய்களும் கிடைத்தன; சங்கு வளையல் துண்டுகளும் உண்டு. பின்னாளில் தாயத்திலும் பல்லாங்குழியிலும் புகுந்த சோழி, வெப்பக் கடலில் வாழும் நத்தையின் ஓடு. மாலத்தீவுச் சோழி வங்காளத்தில் காசாகவே புழங்கியது. வழவழப்பான முதுகு, அடியில் பல் வரிசை கொண்ட பிளவு: உருட்டும் விரலுக்கு இவை மனப்பாடம்.

சோழி உருட்டினால் கடலறிவு வந்துவிடுமா என்று கேட்கலாம். நியாயம்தான், கைக்கு வந்தது வெறும் ஓடு, உயிர் அல்ல. உயிருள்ள சோழி தன் சதை மடிப்பால் ஓட்டைப் போர்த்தியபடி ஊர்வதை கடலைப் பற்றிய இணைய விளையாட்டு ஒன்றால் காட்ட முடியும்; ஓட்டின் பளபளப்புக்கே அந்தச் சதை மடிப்புதான் காரணம். ஆனால் திரையில் வழவழப்பு ஏது? மன்னார் வளைகுடாவைத் திரையில் காட்டும் மதுரை ஆசிரியர் நாலு சோழியையும் மேசையில் உருட்டட்டும்.