வகுப்பறைக்குள் வந்த தக்ளி

புதிய கருவிகளைப் பாடவேளைக்குள் கொண்டுவர முயலும் ஆசிரியரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் கணினியும் திரையும் கைபேசியுமே நம் கண்முன் வந்து நிற்கின்றன. அம்முயற்சி ஏதோ நேற்றுத் தொடங்கியது போன்ற ஓர் எண்ணமும் நம்மிடம் உண்டு. ஆயினும், ஒரு தொழிற்கருவியை மாணவன் கையில் கொடுத்து, அதைக்கொண்டே கணக்கும் அறிவியலும் வரலாறும் கற்பிக்குமாறு நம் நாட்டு ஆசிரியர் கேட்டுக்கொள்ளப்பட்டது ஏறத்தாழ 90 ஆண்டுகளுக்கு முன்னர். அக்கருவிக்கு மின்சாரம் வேண்டியதில்லை. ஒரு மெல்லிய கம்பி, அதன் அடியில் ஒரு சிறு வட்டத் தகடு, அவ்வளவுதான். பம்பரம்போல் சுழற்றிவிட்டால் பஞ்சு முறுக்கேறி நூலாகும். அதன் பெயர் தக்ளி.

திருப்பூர் வட்டாரத்து வாசகர்களுக்கு இக்கதை பிறரைவிடச் சற்று நெருக்கமானது. இன்று பின்னலாடையால் உலகறிந்த அவ்வூர், ஒரு காலத்தில் கதரால் நாடறிந்த ஊராக இருந்தது. 1925ஆம் ஆண்டு அகில பாரத சர்க்கா சங்கம் தொடங்கப்பட்டபின், அதன் தமிழ்நாட்டுக் கிளை திருப்பூரைத் தலைமையிடமாகக் கொண்டே இயங்கியது. சுற்றுப்புறச் சிற்றூர்ப் பெண்கள் நூற்ற நூல் அங்கு வந்து சேர்ந்தது; அது நெய்யப்பட்டுத் துணியாகிப் பிற மாநிலங்களுக்கும் சென்றது. 1932 ஜனவரியில் கொடி பிடித்துச் சென்று அடிபட்டு உயிர்நீத்த குமரன் இந்த ஊரின் தெருவில்தான் வீழ்ந்தார். வியப்பு என்னவென்றால், முதல் பனியன் பின்னல் எந்திரங்கள் அவ்வூருக்கு வந்ததும் ஏறத்தாழ அந்த 1920களில்தான். கையால் நூற்கும் கருவியும் சக்கரம் சுழலும் எந்திரமும் ஒரே பத்தாண்டில் ஒரே ஊரில் குடியேறின. இவற்றுள் முதலாவதே பள்ளிக்குள் நுழைந்தது. இரண்டாவது பள்ளிக்கு வெளியே நின்றது. அதனால் விளைந்தவற்றைப் பின்னர்க் காண்போம்.

1937ஆம் ஆண்டு காந்தியடிகள் 'ஹரிஜன்' இதழில் கல்வி பற்றி எழுதத் தொடங்கினார். குழந்தையின் கல்வி ஒரு பயனுள்ள கைத்தொழிலிலிருந்து தொடங்கவேண்டும் என்பது அவர் கருத்து. அவ்வாண்டு அக்டோபர் 22, 23 நாட்களில் வார்தாவில் கல்வி மாநாடு கூடியது. ஜாகிர் உசேன் தலைமையில் அமைந்த குழு, அவ்வாண்டு டிசம்பரிலேயே அறிக்கையை அளித்தது. ஆதாரக் கல்வி என்று நாம் வழங்கும் திட்டம் இவ்வாறு பிறந்தது.

அந்தக் குழுவில் தமிழர் இருவர் இருந்தனர். இருவருமே கிறிஸ்தவக் குடும்பங்களில் பிறந்தவர்கள் என்பது நம் வாசகர்களில் பலர் அறியாத செய்தியாகும். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஆரியநாயகம் அக்குழுவின் அமைப்பாளர். சாந்திநிகேதனில் தாகூரிடம் பணியாற்றியிருந்த அவர், பின்னர்த் துணைவியார் ஆஷாதேவியுடன் சேவாகிராமத்திலேயே தங்கி, அத்திட்டத்தை நடத்திய இந்துஸ்தானி தாலீமி சங்கத்தின் செயலாளராக உழைத்தார். மற்றவர் தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பா. இலண்டனில் கணக்காயர் தொழில் பயின்றவர்; கோட்டும் சூட்டுமாக வாழ்ந்தவர், 1929இல் காந்தியடிகளைச் சந்தித்தபின் கிராமத் தொழில்களுக்கென்றே தம் வாழ்வைக் கொடுத்தார். இறுதிக் காலத்தில் மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டியில் வாழ்ந்தார்.

அறிக்கை வகுத்த நாள்முறையைப் பார்த்தால் இக்காலப் பெற்றோர் திடுக்கிடுவர். ஐந்தரை மணி நேரப் பள்ளியில் கைத்தொழிலுக்கு 3 மணி 20 நிமிடம். இசை, ஓவியம், கணக்கு ஆகியவற்றுக்குச் சேர்த்து 40 நிமிடம்; தாய்மொழிக்கு 40; சமூகவியலும் பொது அறிவியலும் 30; உடற்பயிற்சிக்கு 10; இடைவேளை 10. "பிள்ளை படிக்கப் போகிறானா, நூற்கப் போகிறானா?" என்று எவரும் கேட்கத்தான் செய்வர். ஆனால் அந்த 3 மணி 20 நிமிடமும் நூற்பதற்கு மட்டுமன்று. நூற்கும்போதே பிற பாடங்கள் அதிலிருந்து கிளைக்க வேண்டும். அந்தக் கிளைப்பை உண்டாக்குவதே ஆசிரியரின் பணி. திட்டத்தின் உயிர் முழுவதும் இந்த ஓரிடத்தில்தான் இருந்தது.

இதனைச் சற்று நின்று பார்ப்பது நல்லது. நூலுக்கு 'நம்பர்' உண்டு என்பதைத் திருப்பூரில் சிறுவரும் அறிவர். 840 கஜம் கொண்ட சிட்டங்கள் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வருகிறதோ, அந்த எண்ணிக்கையே பருத்தி நூலின் நம்பர். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின். 840 கஜத்தை ஏழு பங்காக்கினால் 120 கஜம். 7,000 கிரெயினை ஏழு பங்காக்கினால் 1,000. ஆகவே, மாணவன் தான் நூற்ற நூலில் 120 கஜம் அளந்து, தராசிலிட்டு, அதன் எடையால் 1,000ஐ வகுத்தால் நூலின் நம்பர் கிடைத்துவிடும். எடை 100 கிரெயின் என்றால் 10ஆம் நம்பர். 50 என்றால் 20ஆம் நம்பர். 25 என்றால் 40ஆம் நம்பர். எடை குறையக் குறைய நம்பர் ஏறுகிறது. எதிர்விகிதம் என்னும் பாடத்தைக் கரும்பலகையில் கற்பிக்கும்போது எத்தனை பிள்ளைகள் மிரள்கின்றனர் என்பதை ஆசிரியர்கள் அறிவர். இங்கோ அப்பிள்ளையின் விரல் அதனை முன்னமே அறிந்துவிடுகிறது. மனம் பின்னால் வந்து சேர்ந்துகொள்கிறது.

கணக்கோடு நிற்பதுமில்லை. வறண்ட நாளில் இழை ஏன் அடிக்கடி அறுகிறது என்று பிள்ளை கேட்டால், பருத்தி இழைக்கும் காற்றின் ஈரத்துக்கும் உள்ள உறவைச் சொல்லலாம். அங்கிருந்து பாலக்காட்டுக் கணவாய்க்கும், அதன் வழியே கொங்கு நாட்டில் நுழையும் காற்றுக்கும் செல்லலாம். இந்தப் பஞ்சு எங்கிருந்து வந்தது என்றால், நம் பக்கத்துப் பழைய உப்பம் பருத்தியையும், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்து பரவிய நீள இழைக் கம்போடியாப் பருத்தியையும் ஒப்பிட்டுக் காட்டலாம். இங்குள்ள பஞ்சு கப்பலேறிச் சென்று துணியாகத் திரும்பி வந்தது ஏன் என்ற கேள்வியில் ஒரு நூற்றாண்டின் வரலாறே அடங்கியுள்ளது. ஒரு கருவி வகுப்பறைக்குள் வருவது வேறு. பாடத்துக்குள் வருவது வேறு. தக்ளி பாடத்துக்குள் வருவதற்கு அதன் சுழற்சி மட்டும் போதாது. மேற்கண்ட கேள்விகளை எழுப்பத் தெரிந்த ஒருவர் அருகில் இருக்கவேண்டும்.

இதனை ஜாகிர் உசேன் குழுவினர் நன்கறிந்திருந்தனர். அவர்களே தம் அறிக்கையில் ஓர் அபாயத்தைச் சுட்டினர். பிள்ளைகளின் உழைப்பிலிருந்து கிடைக்கும் பொருளின் மீதே கண் வைத்து, ஆசிரியர்கள் வேலையைப் பெருக்கிக் கல்வியை மறந்துவிடக்கூடும் என்பதே அது. காந்தியடிகளோ, பிள்ளைகள் செய்யும் பொருளின் விற்பனையிலிருந்து ஆசிரியர் ஊதியம் வரவேண்டும் என்று விரும்பினார். ஏழை நாட்டில் எல்லாருக்கும் கல்வி தருவதற்கு வேறு வழி அவருக்குத் தெரியவில்லை. அவரது நோக்கத்தின் தூய்மையை நாம் ஐயுறவில்லை. ஆயினும், ஆசிரியரின் சம்பளத்தை மாணவனின் சிட்டத்தோடு கட்டிவிட்டால், அந்த ஆசிரியர் எதை எண்ணுவார்? நூலையா, மாணவனின் அறிவையா? இவ்விடத்தில் காந்தியடிகளைவிட அவர் அமைத்த குழுவின் எச்சரிக்கையே நமக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது.

திருப்பூரில் 1903இல் பிறந்த தி. சு. அவிநாசிலிங்கம், 1930இல் கோவையில் இராமகிருஷ்ண வித்யாலயத்தைத் தொடங்கியவர். 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்த அவர் ஆதாரக் கல்விக்கு ஊக்கம் தந்தார். திண்டுக்கல் அருகே 1947இல் காந்திகிராமம் எழுந்தது. ஆதாரப் பள்ளிகளும் ஆசிரியர்களுக்கான ஆதாரப் பயிற்சிப் பள்ளிகளும் தமிழகத்தில் பல இடங்களில் தோன்றின. பல பள்ளிகளில் பணி உயிரோட்டத்தோடு நடந்தது. பெரும்பாலானவற்றில் நடந்ததோ வேறு. நூற்பு ஒரு தனிப் பாடவேளையாகச் சுருங்கிற்று. மணி அடித்ததும் தக்ளியை எடுப்பது, மறுமணி அடித்ததும் பெட்டியில் போடுவது. பின்னர் வழக்கம்போல் வாய்ப்பாடு. தாமே நூற்றறியாத ஆசிரியர், சில நாள் பயிற்சியோடு தக்ளியைக் கையில் பெற்றார். குழந்தையின் கையில் நூல் இருந்தது. ஆசிரியரின் கையில் பழைய பாடநூல் இருந்தது. இரண்டையும் இணைக்க எவரும் அவருக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. வசதி படைத்தோர் தம் பிள்ளைகளை இப்பள்ளிகளுக்கு அனுப்பவுமில்லை. 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி ஆணையம் 'பணி அனுபவம்' என்ற வேறு சொல்லைக் கொண்டுவந்தபோது, ஆதாரக் கல்வி ஓசையின்றி விடைபெற்றுக்கொண்டிருந்தது.

இடையில் நேர்ந்த ஒன்றையும் மறைத்தல் தகாது. 1953இல் இராஜாஜி கொண்டுவந்த புதிய தொடக்கக் கல்வித் திட்டம், சிற்றூர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பழகச் செய்தது. குலக்கல்வித் திட்டம் என்று பெரியாரும் பிறரும் அதனை எதிர்த்தனர். 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. ஆதாரக் கல்வியையும் இதனையும் ஒன்றாகவே எண்ணுவோர் உளர். முன்னது தொழிலைப் பள்ளிக்குள் அழைத்தது. பின்னது பிள்ளையைப் பள்ளியிலிருந்து தொழிலுக்கு அனுப்பியது. ஆனால் இந்த அமளிக்குப் பின், பள்ளியில் கைத்தொழில் என்றாலே மக்கள் ஐயத்தோடு நோக்கினர். அவர்களைக் குறைகூற இயலாது.

நிற்க. பள்ளிக்கு வெளியே நின்ற எந்திரத்தைப் பற்றிச் சொன்னோம். 1970களின் இறுதியில் திருப்பூர்ப் பனியன் வெளிநாட்டுச் சந்தை கண்டது. ஏற்றுமதியாளர் சங்கம் 1990இல் அமைந்தது. ஓவர்லாக், பேட்லாக் எந்திரங்களின் அருகே, தைப்பவருக்குத் துணியை மடித்துக் கொடுக்கக் 'கைமடி' ஆட்கள் தேவைப்பட்டனர். அவ்வேலைக்குச் சிறுவர் சிறுமியரின் விரல்கள் பொருந்தின. குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986இல் வந்தபின்னும், நெடுங்காலம் எத்தனையோ பிள்ளைகளின் புத்தகப்பை வீட்டு மூலையில் கிடந்தது. பின்னாளில் நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரால், திருமணத்துக்குத் தொகை தருவதாகச் சொல்லி, வளரிளம் பெண்களை மூன்றாண்டு விடுதியில் வைத்து வேலை வாங்கியதும் இதே நூல் தொழிலில்தான். 1937இன் குழு அஞ்சியது, கல்வி மறந்து உழைப்பு மட்டும் எஞ்சும் நிலையை. பள்ளியில் அது ஓரளவே நிகழ்ந்தது. பள்ளிக்கு வெளியே முழுமையாக நிகழ்ந்தது. நூலின் நம்பரை நாள்தோறும் வாயால் சொன்ன கைமடிப் பிள்ளைக்கு, அந்த எண் எப்படி வருகிறது என்று சொல்ல அங்கே ஆசிரியர் எவரும் இல்லை.

அதன்பின் வந்த கருவிகளின் வரலாற்றை விரிக்க வேண்டியதில்லை. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு, அரசு மற்றும் உதவிபெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. 2018இல் வந்த புதிய பாடநூல்களில் கைபேசியால் படிக்கத்தக்க விரைவுக் குறியீடுகள் அச்சாயின. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி பிறந்தது. பின்னர்ப் பெருந்தொற்று. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் 1 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. அந்த ஒன்றரை ஆண்டுக்கும் மேற்பட்ட காலத்தில், வீட்டிலிருந்த ஒரே கைபேசி காலையில் தந்தையோடு கம்பெனிக்குப் போய்விடும் குடும்பங்கள் நம் பங்குகளிலேயே எத்தனை இருந்தன! ஒற்றை அறை வாடகை வீடுகளில், வேறு மாவட்டங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் வந்து தங்கிய குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் திரையிலே பாடம் ஓடியது. ஐயம் கேட்க ஆளில்லை. 2021 அக்டோபரில் அரசு தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' தன்னார்வலர்களை மாலை வேளையில் பிள்ளைகளின் தெருக்களுக்கே அனுப்பியபோது, தாய்மார் அதனை வரவேற்றதன் காரணம் இதிலிருந்து விளங்கும்.

வார்தா அறிக்கை ஆசிரியருக்கு மூன்றாண்டு முழுப் பயிற்சியும், உடனடித் தேவைக்கு ஓராண்டுக் குறும்பயிற்சியும் வகுத்தது. கம்பியும் தகடுமான ஒரு கருவிக்கு அவ்வளவு காலம்! இன்று, அதனினும் பன்மடங்கு சிக்கலான கருவிக்குச் சில நாள் பயிற்சியே போதுமென்று கருதுகிறோம். கருவியை இயக்குவதற்கு அது போதும்தான்.

திருப்பூர்க் கம்பெனிகளில் இன்று ஒரு சிறு வட்டக் கத்திக் கருவி உண்டு. பின்னிய துணியை அதன் கீழ் வைத்துச் சுழற்றினால், சரியாக 100 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள ஒரு வட்டம் வெட்டுப்படும். அதனைத் தராசிலிட்டு, கிராமில் வரும் எடையை 100ஆல் பெருக்கினால் துணியின் 'ஜி.எஸ்.எம்.' கிடைக்கிறது. 1.8 கிராம் என்றால் 180. அந்த வட்டத்தின் ஆரம் ஏன் 5.64 சென்டிமீட்டராக இருக்கவேண்டும் என்பதும், பெருக்குவது ஏன் 100ஆல் என்பதும் நடுநிலைப் பள்ளிக் கணக்கு. செக்கிங் மேசையில் நிற்கும் தாய் நாள்தோறும் அந்த வட்டத்தைக் கையில் எடுக்கிறார். அவருடைய மகள் அதே வேளையில், சில தெருக்களுக்கு அப்பால், வட்டத்தின் பரப்புக்கான வாய்பாட்டை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறாள்.